கீறல் விழுந்த மூக்குக்கண்ணாடி

எங்கள் ஊரில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் தனது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "தங்கச்சி, கீறல் போகட்டும் எண்டு பற்பசை போட்டுத் தேய்ச்சனான். முந்தியை விட மோசமாப் போச்சுது." வில்லை முழுவதும் புகை படிந்தது போலிருந்தது. ஊசியில் நூல் கோர்க்கவும் மகளைத்தான் கூப்பிடுகிறாராம். தைக்க வரும் துணிகளையும் குறைத்து விட்டார்.

பற்பசையும் அப்பச்சோடாவும் கீறலை அகற்றும் என்று எம்மில் பலர் நம்புகிறோம். கீறல் என்பது ஒட்டிய அழுக்கல்ல, வில்லையில் விழுந்த பள்ளம். பற்பசையிலுள்ள நுண்ணிய துகள்கள் அதை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள நல்ல பகுதியையும் அராவி விடுகின்றன. இன்றைய வில்லைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பலவற்றின் மேல் மெல்லிய பாதுகாப்புப் பூச்சும் உண்டு. தேய்த்தால் அதுவும் போய்விடும்.

அம்மம்மா காலத்து வில்லைகள் உண்மையான கண்ணாடி. பாரம் கூட, விழுந்தால் உடையும், ஆனால் இலகுவில் கீறாது. அதைச் சேலைத் தலைப்பால் துடைத்த பழக்கம் மட்டும் எம்மை விட்டுப் போகவில்லை. மணற்றூள் பிளாஸ்டிக்கை விடக் கடினமானது. புழுதியோடு உலரத் துடைத்தால் ஒவ்வொரு தடவையும் கீறல்தான். 2009 இல் செட்டிகுளம் முகாமில் ஒரு வாளி தண்ணீருக்கு வரிசையில் நின்ற நாட்களில் கண்ணாடி கழுவ யார் நினைத்தோம்? இன்று கிணற்றடியில் அரைச் செம்பு தண்ணீர் போதும்.

முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியைப் போக்குங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியை விரலால் மெதுவாகத் தடவி, நன்றாக அலசி, தோய்த்துக் காய்ந்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். சுடுநீர் வேண்டாம். அடுப்பங்கரையிலும் வெயிலிலும் வைக்க வேண்டாம். சூட்டில் பூச்சு வெடிக்கும். கழற்றி வைக்கும்போது வில்லை மேல்நோக்கி இருக்கட்டும்.

ஓரத்துக் கீறல் பெரிதாகத் தொந்தரவு தராது. நடுவில் விழுந்தால் வெளிச்சம் சிதறிக் கண் கூசும், தலையிடி வரும். கண் பழுதாகாது, ஆனால் வேலை கெடும். அப்போது வில்லையை மாற்றத்தான் வேண்டும். சட்டகம் நல்லதாக இருந்தால் வில்லையை மட்டும் மாற்றலாமா என்று கடையில் கேளுங்கள், செலவு குறையும். இடம்பெயர்வில் வைத்தியரின் சீட்டுத் தொலைந்தவர்கள் பழைய கண்ணாடியை எறிந்து விடாதீர்கள். அதைக் கருவியில் வைத்தே இலக்கத்தை அளந்து சொல்வார்கள்.

இன்னொன்று. கழுவிய பின்னும் மங்கலா? கண்ணாடியைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். வில்லை தெளிவாக இருந்தும் பார்வை மங்கினால் வெண்புரையாகவோ நீரிழிவின் பாதிப்பாகவோ இருக்கலாம். அரசாங்க வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் இலவசமாகப் பார்ப்பார்கள். கீறல்தான் காரணம் என்று நாளைக் கடத்த வேண்டாம்.

அக்காவையும் முதலில் அங்குதான் கூட்டிப் போனேன். கண்ணில் நோயில்லை, இலக்கம் மட்டும் கூடியிருந்தது. பழைய சட்டகத்திலேயே புது வில்லை போட்டாயிற்று. இப்போது பாடசாலைச் சீருடைகள் தைக்கிறார்.