ஒரே நிரல், பல சிப்கள்

அடையாறை ஒட்டிய சென்னை ஐஐடி வளாகத்தில் உருவான ‘சக்தி’ ஒரு நுண்செயலிக் குடும்பம். சிறு கருவிகளுக்கான இ வகுப்பு, லினக்ஸையே இயக்கும் சி வகுப்பு, கட்டளைகளை வரிசை மாற்றி நிறைவேற்றும் ஐ வகுப்பு எனப் பல உறுப்பினர்கள் அதில் உண்டு. சிலிக்கானில் ஏறும்வரை சிப்பும் மென்பொருளைப் போல எழுதப்பட்ட நிரல்தான். சக்தி எழுதப்பட்டது புளூஸ்பெக் மொழியில். ஆகவே மென்பொருள் குடும்பங்களைப் பராமரிப்போரின் கவலை இங்கும் உண்டு: ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்றவர்களை எப்படிப் பாதிக்கும்?

குடும்பத்தின் அடித்தளம், அமெரிக்காவின் பெர்க்லியில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பு. அதன் அடிப்படைக் கட்டளைகள் 2019இல் இறுதி செய்யப்பட்டன. புதியவை விருப்பத்துக்குரிய நீட்சிகளாகவே சேரும். எது மாறாது என்பதை முதலிலேயே முடிவு செய்த துணிவு பாராட்டத்தக்கது. பின்னால் வரும் வேலையில் பெரும்பகுதியை அது குறைத்துவிடுகிறது.

நீட்சிகளுக்குள்ளும் சார்பு உண்டு. பெருக்கல், பகுபடாச் செயல்கள், ஒற்றைத் துல்லிய மிதவைப் புள்ளி, இரட்டைத் துல்லிய மிதவைப் புள்ளி, சுருக்கக் கட்டளைகள் என்ற ஐந்தை மட்டும் எடுத்தாலே 32 சேர்க்கைகள். இரட்டைத் துல்லியத்துக்கு ஒற்றைத் துல்லியம் கட்டாயம் என்பதால் அவை 24 ஆகச் சுருங்கும். 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் சேர்த்தால் 48. கேஷ் நினைவக அளவுகளையும் கணக்கில் கொண்டால் எண்ணி மாளாது.

ஒவ்வொரு சேர்க்கைக்கும் நிரலை நகலெடுத்துத் திருத்துவது தொடக்கத்தில் சுலபம். பிறகு ஒரே பிழையை அத்தனை நகல்களிலும் தேடித் திருத்த வேண்டும். சி வகுப்பில் நிரல் ஒன்றே. நீட்சிகள், கேஷ் அளவு போன்றவை தனிக் கோப்பில் குறிக்கப்படுகின்றன, அதன்படி வேண்டிய வடிவம் தொகுக்கப்படுகிறது. சோதனை நிரல்களை அந்த வடிவத்திலும் ‘ஸ்பைக்’ என்ற மாதிரிச் செயலியிலும் ஓட்டி விடைகளை ஒப்பிட்டால், மாற்றம் எங்கே உதைக்கிறது என்று தெரிந்துவிடும்.

மென்பொருளுக்கு இல்லாத நெருக்கடி ஒன்றும் உண்டு: வார்த்துவிட்ட சிப்பைத் திருத்த முடியாது. இன்டெலின் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் வந்த ரைஸ்கிரீக், மொகாலி செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் வந்த ரிமோ என்ற 2018ஆம் ஆண்டுச் சக்தி சிப்கள் இரண்டும் அன்றைய நிரலின் பதிவுகள். எந்தச் சிப் எந்தப் பதிப்பிலிருந்து பிறந்தது என்ற குறிப்பு இல்லாமல் அவற்றுக்கு மென்பொருள் எழுதுவது இருட்டில் துழாவுவதுதான்.

சக்தி பிஎஸ்டி உரிமத்தில் வெளியாவதால், அதை எடுத்தாளும் நிறுவனம் தன் திருத்தங்களைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பரவலுக்கு அது நல்லது; ஆனால் திருப்பித் தராத ஒவ்வொரு திருத்தமும் மூலத்திலிருந்து விலகல்தான். மையத்தைத் தொடாமல், தேவையானதை அதன் ஓரத்தில் இணைப்பது மேல். இஸ்ரோவுடன் இணைந்து உருவாக்கப்பட்டு 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ‘ஐரிஸ்’ சிப்பில், விண்வெளிப் பணிக்கான வாட்ச்டாக் டைமர்களும் கோணக் கணக்குகளுக்கான கார்டிக் பகுதியும் சக்தி செயலியோடு தனிப் பகுதிகளாகச் சேர்ந்தன.