வெடிக்காத உலோகம்

புதூர்ப் பக்கம் கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஈரம் வற்ற வற்ற மண் சுருங்குகிறது. சுருங்கவிடாமல் அக்கம்பக்கத்து மண் இழுத்துப் பிடிக்கும் இடத்தில் வெடிப்பு விழுகிறது. உலோகத்தை முப்பரிமாணத்தில் அச்சடிக்கும் எந்திரத்துக்குள்ளும் இதே சங்கதிதான். அங்கே ஈரத்துக்குப் பதில் சூடு வற்றுகிறது.

அந்த எந்திரம் உலோகப் பொடியை முடியைவிட மெல்லிய படலமாகப் பரப்பும். வேண்டிய இடத்தை மட்டும் லேசர் உருக்கும். அது உறைந்ததும் மேலே அடுத்த படலம். இப்படி அச்சடித்த பிஎஸ்எல்வி நான்காம் கட்ட எஞ்சினை, 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் இஸ்ரோ 665 வினாடிகள் எரியவிட்டுச் சோதித்தது. 14 பாகங்களாக இருந்தது ஒரே பாகமாயிற்று. 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின. 565 கிலோ உலோகம் தேவைப்பட்ட வேலைக்கு 13.7 கிலோ பொடி போதுமானதாக இருந்தது. நம் தென்கோடியில் நடந்த இந்தச் சாதனை இன்னும் எத்தனையோ மடங்கு பேசப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் எல்லா உலோகமும் இப்படி வளைந்து கொடுப்பதில்லை. ஜெட் எஞ்சினின் டர்பைன் பிளேடுகளுக்கு நிக்கல் சூப்பர் அலாய்கள் வேண்டும். அவற்றில் அலுமினியமும் டைட்டானியமும் நிக்கலோடு சேர்ந்து 'காமா பிரைம்' என்ற நுண்துகள்களாகின்றன. கடும் சூட்டிலும் உலோகம் இளகி நீளாமல் காப்பவை இவைதான். இந்தப் பலமே அச்சடிக்கும்போது வினையாகிறது. லேசர் நகர்ந்ததும் உருகிய துளி நொடிப்பொழுதில் உறைகிறது. கடைசியாக உறையும் திரவம் உலோக மணிகளுக்கு நடுவே மெல்லிய ஏடாக நிற்கும்போதே சுற்றியுள்ள உலோகம் சுருங்கி இழுக்க, அந்த ஏடு பிளந்துவிடுகிறது. இதற்குத் தப்பினாலும் ஆபத்து தீராது. உள்ளே தேங்கிய இழுவிசையைப் போக்க மறுபடி சூடேற்றும்போது, அது தளர்வதற்குள் காமா பிரைம் முந்திக்கொண்டு உலோகத்தை இறுக்கிவிடும். அப்போதும் வெடிக்கும். சிஎம்247எல்சி என்ற நிக்கல் கலவை இப்படி வெடிப்பதில் பேர்போனது. இன்கோனல் 718 என்ற இன்னொரு நிக்கல் கலவை சுலபமாக அச்சாகக் காரணம், அதற்கு வலுவூட்டும் நியோபியம் துகள்கள் நிதானமாக உருவாவதுதான். ஆனால் சுமார் 650 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதன் பலம் குறையத் தொடங்கும்.

எந்திரத்தின் வேகத்தையும் லேசர் சக்தியையும் மாற்றிப் பார்ப்பதால் ஓரளவுதான் பலன். கலவையையே திருத்துவது அடிப்படையான வழி. போரான், சிர்கோனியம் போன்றவை துளியளவு மிகுந்தாலும் கடைசித் திரவம் உறையத் தாமதமாகும். அவற்றை அளந்து குறைக்கிறார்கள். நாசா 2022-இல் அறிவித்த ஜிஆர்எக்ஸ்-810 கலவை வேறு பாதையில் போகிறது. நிக்கல், கோபால்ட், குரோமியம் கலந்த பொடியின் மேல் இட்ரியம் ஆக்சைடு நுண்துகள்களைப் பூசி அச்சடிக்கிறார்கள். காமா பிரைமை நம்பாமலே, 1,000 டிகிரிக்கு மேலும் அது தாங்குகிறது.