கடைசி நாள் பேச்சாளர்

எமது தமிழ் மன்ற விழாவுக்கு அழைப்பிதழ் எழுதும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்தது. 'ஆதார சுருதி உரை' என்ற இடத்தில் யாருடைய பெயரைப் போடுவது? பேராசிரியர் ஒருவரையா, எழுத்தாளர் ஒருவரையா? இரண்டு கூட்டம் கூடியும் முடிவில்லை. வீட்டில் இதைச் சொன்னபோது உம்மும்மா, "எழுபத்தி நாலில நைனா முகம்மது வந்தவர்" என்றார். "ஆர் அவர்?" என்றேன்.

பாடத் தொடங்குமுன் தம்புராவில் சுருதி சேர்ப்பார்கள். மாநாட்டில் ஆதார சுருதி உரையும் அப்படித்தான். ஆய்வுக் கட்டுரைகளைத் துறை அறிந்தவர்கள் தமக்குள் வாசித்து விவாதிப்பார்கள். ஆனால் அழைக்கப்பட்ட பேச்சாளரோ எல்லோருக்குமாகப் பேச வேண்டும். ஆகவே புலமை மட்டும் போதாது, சொல்லும் வல்லமையும் வேண்டும்.

கரம்பொன்னைச் சேர்ந்த தனிநாயகம் அடிகள் முன்னின்று 1964இல் புதுடில்லியில் தொடங்கிய தமிழாராய்ச்சி மன்றம், கோலாலம்பூர், சென்னை, பாரிஸ் நகரங்களுக்குப் பின் தனது நான்காவது மாநாட்டை யாழ்ப்பாணத்தில் நடத்தியது. அது 1974 ஜனவரி 3ஆம் திகதி ஆரம்பமானது. கொழும்பில் நடத்துமாறு அரசாங்கம் விரும்பியும், பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையிலான குழு யாழ்ப்பாணத்தையே தெரிந்தது. இந்தியாவிலிருந்து வரவிருந்த சிலருக்கு விசா கிடைக்கவில்லை. அழைப்பிதழ் அனுப்பிவிட்டால் பேச்சாளர் வந்துவிடுவார் என்று நினைத்திருந்த எனக்கு இது புதிது.

ஜனவரி 10, இறுதிநாள். வீரசிங்கம் மண்டபம் கொள்ளாத சனம் வெளியே தரையில் அமர்ந்திருந்தது. திருச்சியிலிருந்து வந்த பேராசிரியர் நைனா முகம்மது பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் பொலிஸார் கூட்டத்தைக் கலைக்க வந்தார்கள். கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சூடு. மின்கம்பி அறுந்து விழுந்ததில் பேச்சுக் கேட்க வந்தவர்கள் மாண்டார்கள். உரை பாதியில் நின்றது.

உம்மும்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவரின் வாப்பா சோனகதெருவிலிருந்து நடந்து போய்க் கேட்டவர். அன்றிரவு கண் சிவந்து, ஒற்றைச் செருப்போடு வந்தாராம்.

போன வருடம் ஒரு பேச்சுப் போட்டியில் ஒருவர் என்னிடம், "முஸ்லிம் பிள்ளையாக இருந்தும் நல்ல தமிழ்" என்றார். பாராட்டத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வந்தேன், ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அது உறுத்தியது. இப்போது யாராவது அப்படிச் சொன்னால் நைனா முகம்மதுவின் பெயரைச் சொல்வேன். தமிழ் கேட்கவென்று யாழ்ப்பாணமே திரண்ட இரவில் மேடையில் நின்றவர் அவர். கீழே தரையில் இருந்தவர்களில் எங்கள் வீட்டு ஆளும் ஒருவர். 1990 ஒக்டோபரில் எம்மவர் இந்த மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்டபோது உம்மும்மா புத்தளத்துக்குக் கொண்டுபோனவற்றில் இந்தக் கதையும் ஒன்று. திரும்பி வந்த பிறகு முற்றவெளி நினைவுத்தூணை எனக்குக் காட்டியவரும் அவரே.

மறுநாள் மன்றத்தில் இதையெல்லாம் சொன்னேன். எழுத்தாளர் ஒருவரையே அழைப்பதென்று முடிவாயிற்று. அழைப்பிதழை உம்மும்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"கூட்டம் உள்ளுக்கா, வெளியிலயா?" என்று மட்டும் கேட்டார்.