ரிலே துடித்தால் எதைச் சோதிப்பது?



ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை வானொலியில் அஞ்சல் என்பர். முற்காலத்தில் வழிநெடுகக் குதிரைகளை நிறுத்தி, களைத்த குதிரையை விடுத்துப் புதிய குதிரையில் கடிதப் பையை ஏற்றி அனுப்பியதும் அஞ்சலே. மின்சாரத்திலும் அத்தகைய அஞ்சற்காரன் ஒருவன் உண்டு. ரிலே என்பது அவன் பெயர்.

1835ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி இதனை அமைத்தார். நெடுந்தொலைவு சென்று நலிந்த மின்னோட்டம், சென்ற இடத்திலுள்ள வலிய சுற்று ஒன்றை இயக்க இது வழி செய்தது. தந்தி முறை இதன் துணையால் ஓங்கியது. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ரிலேயின் பணி நிற்கவில்லை. மோட்டார் வண்டியிலும், நீர்த்தொட்டியின் தானியங்கிப் பெட்டியிலும் அது இன்றும் உழைக்கிறது.

அதன் அமைப்பு எளிது. ஒரு கம்பிச் சுருள்; அதன் எதிரே ஓர் இரும்பு நாக்கு; நாக்கின் நுனியில் தொடுமுனைகள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி நாக்கை இழுக்கிறது, தொடுமுனைகள் கூடுகின்றன. ஆகவே இங்கே இரண்டு சுற்றுகள் உள்ளன. ஒன்று ஏவும் சுற்று. மற்றொன்று வேலை செய்யும் சுற்று. 12 வோல்ட் ரிலே ஒன்றின் சுருளுக்கு 400 ஓம் தடை இருப்பதாகக் கொண்டால், அது கொள்ளும் மின்சாரம் ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்குதான். அந்தச் சிறிய ஏவலுக்குக் கட்டுப்பட்டு 230 வோல்ட் மோட்டார் ஓடுகிறது.

இத்தகைய ரிலே நாக்கை உறுதியாக இழுப்பதற்குப் பொதுவாகத் தன் அளவில் முக்கால் பங்கு, அதாவது 9 வோல்ட் வேண்டும். அதற்குக் குறைந்தால் இழுக்கும் என்ற உறுதி இல்லை.

இனி, எங்கள் பொம்மையார்பாளையத்தில் கண்ட ஒன்றைக் கூறுகிறேன். இது புதுச்சேரிக்கு வடக்கே கடலை ஒட்டிய ஊர். என்னிடம் பயின்ற ஒருவர் வீட்டில் மேல்நிலைத் தொட்டிக்கு ரிலே வைத்த பெட்டி இருந்தது. சில மாலைகளில் அது ‘டக்டக்’ என்று துடிக்கும். சில மாலைகளில் வாளாவிருக்கும். இருமுறை ரிலேயை மாற்றியும் பயனில்லை. இதனைச் சிறு தொல்லை என்று விட்டுவிடலாகாது. துடிக்குந்தோறும் தொடுமுனைகளில் தீப்பொறி எழும். நாளடைவில் அவை உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் மோட்டார் நிற்காது. நீரற்ற குழாயில் ஓடிக் கருகிவிடும்.

உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவர் உடன் வந்தார். மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை மெயினில் அறுத்து, அடாப்டருக்கு மட்டும் விட்டோம். தொட்டியின் மிதவை தாழாதபோது, அதாவது ஏவல் இல்லாதபோது, அடாப்டரில் அளந்தால் 12 வோல்ட் சரியாக இருந்தது. வீட்டார் முன்பு அளந்ததும் இவ்வாறே; ஆகவே ரிலேதான் பழுது என்று முடிவு கட்டினர். மிதவையைத் தாழ்த்தி, ரிலே உழைக்க வேண்டிய அந்த நேரத்தில், சுருளின் இரு முனைகளிலேயே மல்டிமீட்டரை வைத்தோம். 8 வோல்ட்தான் காட்டியது.

எஞ்சிய 4 வோல்ட் எங்கே போயிற்று? வழியிலிருந்த ஒரு திருகு இணைப்பில் கடற்காற்றின் உப்பால் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அக்களிம்பு 200 ஓம் தடையாக நின்றது. 400 ஓம் சுருளுக்கு 8 வோல்ட், 200 ஓம் களிம்புக்கு 4 வோல்ட் எனப் பங்கு பிரிந்துவிட்டது. மின்சாரம் ஓடாதபோது களிம்பு எதையும் கொள்வதில்லை. ஆதலால் அளவு முழுமையாகத் தெரிந்தது. குழாயில் அடைப்பு இருப்பினும், மூடியிருக்கும்வரை அழுத்தம் குறைவதில்லை. திறந்தால்தான் குட்டு வெளிப்படும். இணைப்பைச் சுரண்டித் துடைத்து இறுக்கினோம். துடிப்பு நின்றது.

ஆகவே முறை இதுதான். ஏவல் வரும் நேரத்தில் முதலில் அடாப்டரில் அளக்க வேண்டும். அங்கேயே குறைந்தால் அடாப்டர் வலுவற்றது, அல்லது அதற்குச் சுமை மிகுதி. அங்கே முழு அளவிருந்து சுருளில் குறைந்தால், குற்றம் இடைவழியில் உள்ளது. அளவு சரியாகத் தோன்றியும் ரிலே ரீங்கரித்தால், அடாப்டரினுள் மின்னலையைச் சமன் செய்யும் கண்டென்சர் நலிந்திருக்கலாம். மோட்டார் புறப்படும் கணத்தில் மட்டும் ரிலே விடுபட்டால், புறப்படும்போது மோட்டார் பன்மடங்கு மின்சாரம் இழுப்பதால் வீட்டு மின்னழுத்தமே தாழ்கிறதா என்று பார்க்க வேண்டும். சுருளில் முழுமையாக 12 வோல்ட் இருந்தும் நாக்கு அசையாவிட்டால் மட்டுமே ரிலேயை ஐயுற வேண்டும். அப்போது மின்சாரத்தை முற்றும் அறுத்து, சுருளைக் கழற்றித் தடையை அளந்தால், அறுந்த சுருள் தானே தெரியும்.

12 வோல்ட் பக்கத்தைச் சோதிக்கும்போதும், அதே பெட்டியின் மறுபக்கத்தில் 230 வோல்ட் உள்ளதென்பதை மறத்தலாகாது. மெயினை அணைக்காமல் எவரும் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

வேலைக்காரன் சோம்பேறி என்று தள்ளுமுன் அவனுக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது நல்ல எசமானின் கடமை. ரிலேக்கும் அந்த நியாயத்தை வழங்குவோமாக.