ஜப்பானின் பழைய பாட்டும் எமது பொப்பிசையும்

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஜப்பானில் வெளிவந்த மெல்லிய பொப் பாடல்களை இன்று உலகின் பல நாடுகளிலும் இளைஞர்கள் விரும்பிக் கேட்கின்றனர். மரியா தகெயுச்சி 1984 இல் பாடிய ‘பிளாஸ்டிக் லவ்’ 2017 அளவில் யூடியூப் வழியாகப் பரவியது. மிக்கி மத்சுபாராவின் 1979 ஆம் ஆண்டுப் பாடலொன்று 2020 இல் உலகப் புகழ் பெற்றது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை. 2004 இலேயே காலமாகிவிட்டார்.

‘சிற்றி பொப்’ எனப்படும் இவ்விசை பொருளாதாரம் செழித்திருந்த நகர வாழ்வில் பிறந்தது. அமெரிக்க ஜாஸ், சோல் இசையின் தாளக்கட்டை எடுத்துக்கொண்டு, தம் மொழிக்கும் மனநிலைக்கும் ஏற்ற மெட்டை அதன்மீது அமைத்தனர் ஜப்பானியர். இரவல் வாங்கியதைத் தமதாக்கிய திறமே அதன் சிறப்பு.

இத்திறம் எமக்குப் புதிதன்று. போர்த்துக்கேயர் வழிவந்த பைலாத் தாளத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை ஏற்றி ‘சின்ன மாமியே’ பாடியவர் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்று அறிவுரையையும் துள்ளலோடு சொன்னவர் அவர். 2018 இல் சென்னையில் மறைந்த ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யோ கடல் கடந்து இந்திய மொழிகள் பலவற்றிலும் ஒலித்தது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற வேறுபாடின்றி மக்கள் இப்பாடல்களைக் கேட்டு மகிழ்ந்தனர். இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீதின் குரலுக்குக் காத்திருந்த வீடுகளும் அத்தகையனவே.

ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. ஜப்பானில் மூல ஒலிப்பதிவுகள் பேணப்பட்டன. ஆகவே அவற்றை மீண்டும் வெளியிட முடிந்தது. எமது நிலை வேறு. 1990 ஒக்ரோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் உடைமைகளைக் கைவிட்டு வெளியேற நிர்ப்பந்திக்கப்பட்டனர். சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்ரோபர் 30 இல், வலிகாமம் மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தனர். உயிரைக் காக்க ஓடியவர்களால் இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் சுமந்து செல்ல இயலுமா? மின்சாரமற்ற அந்நாட்களிலும் சைக்கிள் தைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்டவர்கள் எம்மக்கள். இசையின்மீது அவர்களுக்குப் பற்று இல்லாமல் போகவில்லை. பாதுகாக்கும் வாய்ப்பே இல்லாமல் போனது.

இன்று அந்த வாய்ப்பு உண்டு. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிமத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேமித்துக் காட்டியுள்ளது. அதே அக்கறை ஒலிக்கும் வேண்டும். ஒலிநாடா காலப்போக்கில் பூஞ்சணம் பிடித்து அழியும். அதில் என்ன பாடல் உள்ளது, யார் பாடினார், எந்த மேடையில் பதிவானது என்று சொல்லக்கூடிய மூத்தோரும் குறைந்து வருகின்றனர்.

யாழ்ப்பாணத்திலும், புத்தளத்திலும், புலம்பெயர் நாடுகளிலும் பழைய ஒலிநாடா வைத்திருப்போர் அதனைக் குப்பையென எறிந்துவிடலாகாது. பல்கலைக்கழக இசைத்துறையும் பொது நூலகங்களும் அவற்றைப் பெற்று எண்ணிமப்படுத்த முன்வர வேண்டும். ஜப்பானியப் பாட்டை நம் பிள்ளைகள் இரசிப்பதில் தவறேதுமில்லை. அவர்கள் தேடும் நாளில் நம் பாட்டும் கிடைக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.