சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய்

தாங்கியிலிருந்து கசியும் எரிபொருள் மண்ணுக்குள் இறங்கும்போது, அதில் ஒரு பங்கு மண்துகள்களில் ஒட்டிக்கொள்கிறது. மீதி நிலத்தடி நீர்மட்டத்தை எட்டியதும், நீரை விட இலேசானது என்பதால் மேலே படலமாக மிதக்கிறது. அந்தப் படலத்திலிருந்து பென்சீன், தொலுயீன் போன்ற சேர்மங்கள் நீரில் கரைந்து நீரோட்டத்தோடு நகர்கின்றன. எளிதில் ஆவியாகுபவை மண்ணின் இடைவெளிகள் வழியே மேலே வருகின்றன. ஒட்டியது, மிதப்பது, கரைந்தது, ஆவியானது என ஒரே கசிவு நான்கு நிலைகளில் இருக்கிறது. அவற்றில் ஒன்றை மட்டும் அளந்துவிட்டுக் கிணற்று நீரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நிலத்தடித் தாங்கிகளில் துரு ஏறுவதும் இணைப்புக் குழாய்கள் விடுபடுவதும் ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் போகும். இதற்கென 1984இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த அமெரிக்காவில் இதுவரை 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் உறுதிசெய்யப்பட்டுள்ளன. நிலத்தின் மேலுள்ள தாங்கியிலிருந்தோ கழிவு எண்ணெய்க் குழியிலிருந்தோ எண்ணெய் இறங்கினாலும் மண்ணுக்குக் கீழே நடப்பது இதுதான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதன் ஆபத்து பல மடங்கு. இங்கே வற்றாத ஆறு இல்லை. வடகீழ்ப் பருவமழை சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராகத் தேங்குகிறது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் அந்த நீரே ஆதாரம். வலிகாமத்துச் செம்மண் பல இடங்களில் ஆழமற்றது. அதன் கீழுள்ள பாறையில் வெடிப்புகளும் குகைகளும் நிறைந்துள்ளன. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இந்தப் பாறையமைப்பின் விளைவுகளே. மணற்பாங்கான நிலத்தில் மாசு ஓரளவு சீராகப் பரவும் என்று எதிர்பார்க்கலாம். சுண்ணாம்புப் பாறையில் அது வெடிப்பு போகும் திசையில் ஓடும். அதனால் அயல் கிணறு தப்பி, தூரத்துக் கிணறு கெட்டுப்போவதும் உண்டு.

வலிகாமத்திலுள்ள சுன்னாகத்தில் 1950களிலிருந்தே டீசலில் இயங்கும் மின் நிலையம் இருந்தது. பின்னர் நோர்தேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனமும் அங்கே அனல்மின் உற்பத்தியில் ஈடுபட்டது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய்ப் படலமும் மணமும் இருப்பதாக மக்கள் முறையிட்டனர். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 ஜூலை வரை 150 கிணறுகளை ஆய்வு செய்தது. அவற்றில் 109இல் எண்ணெயும் கிறீசும் நியம அளவை மீறியிருந்தன. பல ஊர்களுக்குப் பௌசர்களில் குடிநீர் போனது. 2015இன் தொடக்கத்தில் நீதிமன்ற உத்தரவால் மின் உற்பத்தி நின்றது. அதன்பின் வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ, அபாயம் தரும் மாசு இல்லை என்ற முடிவைச் சொன்னது. அந்த நீரைக் குடித்துவந்த குடும்பங்கள் எதை நம்புவதென்று தெரியாமல் தவித்தன.

இரண்டு ஆய்வுகள் இப்படி முரண்படும்போது, அவை எதைத் தேடின என்பதை முதலில் பார்க்க வேண்டும். எண்ணெய்–கிறீஸ் சோதனை, கரைப்பானில் பிரித்தெடுக்கக்கூடிய எண்ணெய், கொழுப்புப் பொருட்களையெல்லாம் சேர்த்தே கணக்கிடும். சமையல் எண்ணெயும் அதில் சேரும். நீர் இறைக்கும் இயந்திரத்திலிருந்து சிந்திய மண்ணெண்ணெயும் சேரும். பென்சீன், தொலுயீன், எதில்பென்சீன், சைலீன் ஆகியவற்றை வாயு நிறப்பகுப்பியால் அளப்பது வேறு சோதனை. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஆனால் டீசலிலும் உலை எண்ணெயிலும் இந்த நான்கும் பெற்றோலில் உள்ள அளவு இல்லை. திறந்த கிணற்றில் இருப்பதும் ஆவியாகிவிடும். எனவே பென்சீன் இல்லை என்ற முடிவை எண்ணெயே இல்லை என்று வாசிப்பது பெரும் தவறு. பாரமான ஐதரோகாபன்களையும் தனியே அளந்தாக வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறையிலும் முடிவு மாறும். பிளாஸ்டிக் போத்தல் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் கண்ணாடிப் போத்தல் வேண்டும். பென்சீன் போன்றவற்றுக்கான போத்தலை, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, குளிரில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். கிணற்றின் மேற்பரப்பிலும் ஆழத்திலும் தனித்தனியே எடுக்க வேண்டும். மாரியில் நீர்மட்டம் உயரும்போது பாறையில் ஒட்டிய எண்ணெய் மீண்டும் நீரோடு சேரும். கோடையில் அது கீழே இறங்கி வெடிப்புகளில் தங்கும். ஒருமுறை எடுத்த மாதிரி அந்த நாளின் நிலையை மட்டுமே காட்டும். எண்ணெய் தேங்கிய இடத்தைச் சுற்றி அவதானிப்புக் கிணறுகள் தோண்டி, ஒரே கிணறுகளை இரு பருவங்களிலும் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதிப்பதே நம்பத்தக்க வழி.

யாருடைய எண்ணெய் என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு எரிபொருளிலும் ஐதரோகாபன்கள் கலந்திருக்கும் விகிதம் வேறு. அதை வைத்து மூலத்தையும், ஓரளவுக்கு எண்ணெயின் பழமையையும் கணிக்கலாம். பல பத்தாண்டுகளாக எண்ணெய் புழங்கிய ஒரு வளவில் பழையதும் புதியதும் கலந்துவிட்டால் இந்தக் கணிப்பு கடினமாகும். ஆயினும் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் நோர்தேர்ன் பவர் நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டின்படி 2 கோடி ரூபா செலுத்த உத்தரவிட்டது. அந்தத் தொகை பாதிக்கப்பட்ட கிணறுகளைத் துப்புரவாக்குவதற்கு உரியது. கிணற்றை இறைத்துச் சேற்றை அள்ளினால் அங்கே சேர்ந்த எண்ணெய் நீங்கும். சுற்றியுள்ள பாறை வெடிப்புகளில் தங்கியது அதனால் வெளியே வராது. அது எவ்வளவு, எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் காட்ட அவதானிப்புக் கிணறுகளின் தொடர் அளவீடுகள்தான் உதவும்.