தோன்றா எழுவாயும் வினைமுற்று விகுதியும்

‘தோன்றா எழுவாய்’ என்னும் சொல்லாட்சி தமிழிலக்கணம் கற்பார் அனைவர்க்கும் பள்ளிப் பருவத்திலேயே அறிமுகமாவது. ‘வந்தேன்’ என்னும் தொடரில் ‘நான்’ என்னும் எழுவாய் வெளிப்படவில்லை. எனினும் ‘-ஏன்’ என்னும் விகுதி அதனை உணர்த்திவிடுகிறது. ஆகவே எழுவாய் தோன்றவேண்டிய தேவையில்லை என்பது வழங்கிவரும் விளக்கம். எளிமையான விளக்கந்தான். ஆனால் இது பிறமொழிகள் பலவற்றிற்குப் பொருந்தாததோடு தமிழுக்கும் முழுமையாகப் பொருந்துவதன்று. அண்டை மொழிகளிலிருந்து தமிழாக்கம் செய்வோர் சந்திக்கும் இடர்கள் சிலவற்றின் வேரும் இங்கேதான் உள்ளது.

மரபிலக்கண நூலார் இச்செய்தியை அறியாதவரல்லர். பெயர் வெளிப்பட நின்று பயனிலை கொள்வதே நேரியது என்னும் கருத்துப்படத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூற, வெளிப்படாது நின்று கொள்வதும் உண்டென்பதை உரையாளர் அதனின்றே வருவித்துக் கொண்டனர். வினைச்சொல் உணர்த்தும் ஆறு பொருள்களுள் வினைமுதலை முதலாவதாக வைத்து நன்னூல் எண்ணுவதும் இங்கு நினைக்கத்தக்கது. வினைமுதலை வினையே தருமெனின், பெயர் தோன்றுதல் மிகையாகிவிடுகிறது. ஆனால் வினை அதனை எவ்வாறு தருகிறது, விகுதியாலா அன்றி வேறொன்றாலா என்பது தனி வினா.

மேலைநாட்டு ஆய்வுலகில் இவ்வினா 1970-களில் சூடுபிடித்தது. ஆங்கிலமும் பிரெஞ்சும் எழுவாயை விடாப்பிடியாக வேண்டுவதையும் ஸ்பானியம் வேண்டாமையையும் டேவிட் பெர்ல்மட்டர் 1971-இல் வெளியிட்ட நூலில் சுட்டினார். பத்தாண்டுகள் கழித்து, 1981-இல், நோம் சாம்ஸ்கி இவ்வேறுபாட்டை மொழிகளைப் பிரித்துக்காட்டும் ஓர் அளபுருவாக அமைத்தார். எழுவாயின்மை ஒரு குறைபாடு போலவும், விளக்கம் வேண்டுவது அதுவே போலவும் இவ்வாய்வுகள் தொடங்கின என்பதைக் குறிப்பிடவேண்டும். உலக மொழிகளின் பரப்பை நோக்கினால் நிலைமை தலைகீழானது. மேத்யூ டிரையர் 711 மொழிகளைத் தொகுத்து ஆராய்ந்து, உலக மொழியமைப்பு நிலப்படத் தொகுப்பின் 2013-ஆம் ஆண்டு இணையப் பதிப்பில் தந்துள்ள கணக்கின்படி, எழுவாய் இடத்தில் பதிலிப்பெயர் கட்டாயமாக வரும் மொழிகள் 82 மட்டுமே. எழுவாயை வினையின் ஒட்டு காட்டும் மொழிகள் 437. விதிவிலக்கு ஆங்கிலமே.

விகுதி வளத்தால் எழுவாய் மறையும் என்னும் கொள்கைக்கு இத்தாலியம் நல்ல சான்று. ‘பார்லோ’ (பேசுகிறேன்), ‘பார்லி’ (பேசுகிறாய்), ‘பார்லா’ (பேசுகிறான் / பேசுகிறாள்) என வினைவடிவம் இடந்தோறும் வேறுபடுகிறது. பிரெஞ்சின் வரலாறும் இதற்குத் துணை நிற்பதாகவே காட்டப்படும். பழைய பிரெஞ்சில் எழுவாய் தோன்றாது வந்ததுண்டு. பின்னர் விகுதிகளின் ஒலிப்பு ஒன்றாகிவிடவே, பதிலிப்பெயர் கட்டாயமாயிற்று என்பர். ஆனால் ஐஸ்லாந்து மொழி விகுதி வளம் நிறைந்ததாயினும் ஒருவரைச் சுட்டும் எழுவாயைப் பொதுவாக மறையவிடுவதில்லை. சீனமும் ஜப்பானியமும் இட விகுதி சிறிதும் இல்லாமலே எழுவாயைத் தாராளமாக விட்டுவிடுகின்றன. சீனத்தில் மறைந்த எழுவாயை முன்வந்த தலைப்புப் பொருளே இனங்காட்டுகிறது என ஜேம்ஸ் ஹுவாங் 1984-இல் விளக்கினார். இங்குப் பிரித்தறிய வேண்டியன இரண்டு: எழுவாய் மறைவதற்கு மொழி தரும் இசைவு ஒன்று, மறைந்ததை இனங்காணும் வழி மற்றொன்று. பள்ளி விளக்கம் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது.

தமிழைப் பார்ப்போம்.

(1) நேற்று வரவில்லை.
(2) நாளை வரமாட்டான்.
(3) நாளை வரவேண்டும்.

இரண்டாம் தொடரில் இடம், எண், பால் மூன்றையும் விகுதி காட்டுகிறது. முதலாம், மூன்றாம் தொடர்களில் எதுவும் இல்லை. நான், நீ, அவர்கள், பேருந்து என எதுவும் எழுவாயாகலாம். விகுதியே எழுவாய் மறைவுக்குக் காரணமெனின், ‘வரவில்லை’ என்பதற்கு முன் எழுவாய் தோன்றியே ஆகவேண்டும். தமிழர் எவரும் அவ்வாறு பேசுவதில்லை. ‘முருகன் வந்தானா?’ என்பதற்கு ‘வரவில்லை’ என்பதே இயல்பான விடை. வரலாறும் இதனை உறுதிப்படுத்துகிறது. ‘வந்திலேன்’, ‘வந்திலன்’ என முன்பு விகுதி ஏற்ற எதிர்மறை வினை, ‘வரவில்லை’ என விகுதி இழந்தது. பிரெஞ்சில் நிகழ்ந்ததாகக் கூறப்படுவது இங்கு நிகழவில்லை. விகுதி போயிற்று, எழுவாய் தோன்றாமலே இருக்கிறது. இந்தி காட்டுவது இன்னும் வியப்பானது. ‘ரோட்டீ காயீ’ என்னும் இறந்தகாலத் தொடரில் வினை பெண்பால் விகுதி பெறுகிறது. ஆனால் அது ரொட்டியின் பால். தின்றவர் ஆணா பெண்ணா, தன்மையா படர்க்கையா என்பது வினையில் இல்லை. விகுதி உண்டு, அது எழுவாயினுடையதன்று, எழுவாயோ மறைகிறது.

இவ்வாராய்ச்சிக்கு மிகச் சிறந்த களம் மலையாளம். பழைய மலையாளத்தில் வழங்கிய இடப்பால் விகுதிகள் காலப்போக்கில் மறைந்தன. ஏ. ஆர். ராஜராஜவர்மா கேரள பாணினீயத்தில், தமிழினின்று மலையாளம் வேறுபடுவதற்குரிய ஆறு நயங்களுள் ஒன்றாக இதனைப் ‘புருஷபேத நிராசம்’ எனப் பெயரிட்டு வைத்தார். ‘இன்னலெ வந்நு’ என்றால் நேற்று வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தது அனைத்தும் அடங்கும். இருந்தும் எழுவாய் கட்டாயமாகவில்லை.

தமிழும் மலையாளமும் எழுவாயை விடும் மொழிகள். ஆகவே மொழிபெயர்ப்பில் இவ்வகையில் சிக்கல் எழாது என எண்ணத் தோன்றும். உண்மை வேறு. மலையாளத் தொடர் சொல்லாது விட்டதைத் தமிழ் வினைமுற்று சொல்லியே ஆகவேண்டும். ‘வீட்டில் சென்னு பணம் கொடுத்து’ என ஒருவர் வாக்குமூலம் அளித்தார் எனக் கொள்வோம். (தமிழ்க் கண்ணுக்கு இதன் ஈற்றுச்சொல் வினையெச்சமாகத் தோன்றும், மலையாளத்தில் உகரம் முற்றுகரமாக ஒலிப்பதே அதனை முற்றாக்குகிறது. எழுத்துப்பெயர்ப்பில் இவ்வேறுபாடு காணாமற்போகும்.) ‘கொடுத்தேன்’ என மொழிபெயர்த்தால் கொடுத்தவர் சாட்சி, ‘கொடுத்தான்’ என்றால் மற்றொருவர். மூலத்தில் இல்லாத பொறுப்பொன்றைத் தமிழ் விகுதி ஒருவர் தலையில் ஏற்றிவிடுகிறது. முன்பின் தொடர்களிலிருந்து ஆளை உறுதிசெய்ய இயலாதபோது ‘பணம் கொடுத்தாயிற்று’ என எழுதலாம். கொடுத்தவரை இது காட்டாது, ஆயினும் முடிந்துவிட்டது என்னும் பொருட்சாயலைக் கூட்டும். ‘கொடுக்கப்பட்டது’ என்பது அலுவலக நடையைக் கொணர்ந்துவிடும். சட்ட ஆவணமாயின் இவற்றைக் காட்டிலும் ஓர் அடிக்குறிப்பே தக்கது.

மொழிக்கு மொழி விடுபடும் கூறும் மாறுகிறது. தெலுங்கின் ‘வச்சிந்தி’ ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் பொது; ‘வந்தாள்’, ‘வந்தது’ என்பவற்றுள் ஒன்றைத் தமிழ் தேர்ந்தாக வேண்டும். வங்காள வினை இடத்தையும் மரியாதையையும் காட்டும், பாலைக் காட்டாது. ‘ஷே’ என்னும் படர்க்கைப் பதிலியும் பால் காட்டாமையின், எழுவாயை வெளிப்படுத்தினாலும் உதவி கிட்டாது. சந்தாலியிலோ எழுவாய்க் குறி பெரும்பாலும் வினைக்கு முன்நிற்கும் சொல்லின் ஈற்றில் ஒட்டிக்கொள்கிறது. வினையை மட்டும் நோக்குவோர்க்கு அது தென்படாது.

ஆங்கிலத்திலிருந்து வரும்போது இடர் எதிர்த்திசையில் அமைகிறது. ஆங்கிலம் கட்டாயத்தால் இடும் பதிலிப்பெயரைத் தமிழில் அப்படியே வைத்தால் ‘அவன் எழுந்தான். அவன் கதவைத் திறந்தான்’ எனத் தொடர்கள் தடுக்கி நடக்கும். இது நடைக்குறை மட்டுமன்று. ‘கண்ணன் வருவதாகச் சொன்னான்’ என்பதில் வருபவன் கண்ணனே எனக் கொள்வதே இயல்பு. ‘கண்ணன் அவன் வருவதாகச் சொன்னான்’ என்றால் வருபவன் வேறொருவன் என்றே படிப்போர் கொள்வர். தமிழில் பதிலிப்பெயர் தோன்றுதல் வேற்றுமைப்படுத்தவோ அழுத்தந்தரவோ ஆள் மாறியதை உணர்த்தவோதான். வேண்டாத இடத்தில் வந்த ‘அவன்’ கதையில் புதிய ஆளொருவனை நுழைத்துவிடும்.

புனைகதையில், வினைமுற்று மட்டும் கொண்டு ஒரு பாத்திரத்தின் பாலைச் சில பக்கங்கள் வரை மறைத்துவைக்க மலையாள எழுத்தாளரால் இயலும். தமிழாக்குவோர்க்குக் கிடைக்கும் கருவிகள் குறைவு. ‘வந்தார்’ என்னும் உயர்வு ஒருமை பாலை மறைக்கும். ஆனால் பாத்திரம் சிறு பிள்ளையாகவோ திருடனாகவோ இருப்பின் அம்மரியாதை உறுத்தும். எதிர்மறை, ‘வேண்டும்’, ‘லாம்’ ஈற்று வினைகள், வினையெச்சங்களை நீட்டி முற்றைத் தள்ளிப்போடுதல் ஆகியவற்றால் ஒரு பத்தியைக் கடத்தலாம். ஓர் அதிகாரம் முழுவதையும் இவ்வாறு கடத்த முயன்றால், மூலத்தில் இயல்பாக இருந்த மறைப்பு தமிழில் வலிந்து செய்ததாகப் புலப்படும். அந்நிலையில் பாலை எவ்விடத்தில் வெளிப்படுத்துவது என்பதை மூலத்தை முழுதும் படித்தபின் மொழிபெயர்ப்பாளரே முடிவு செய்யவேண்டியிருக்கிறது.